அக்கா கேட்ட இரைச்சல்

அந்தக் கம்ப்யூட்டரை நான் திட்டாத திட்டு இல்லை. பீடை, தரித்திரம், உருப்படாத பொட்டி என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டு, புதிதாக ஏதாவது வசவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்த மத்தியானங்கள் அவை. எங்கள் வீடு பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் தண்ணீரில் பட்ட வெயில் வீட்டுக்குள் வந்து கூரையில் நெளியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கட்டிலும் நாற்காலியும் மெல்ல மிதக்கிற மாதிரி இருக்கும். ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் நான் இருப்பேன். உள்ளறையில் அக்கா படுத்திருப்பாள்.

அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. தாம்பரத்தில் ஸ்கேன் பார்க்கப் போன இடத்தில்தான், உள்ளே துடிப்பு நின்றுவிட்டது என்று இரண்டு தடவையும் தெரியவந்தது. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாத்ரூமுக்குத் தவிர எழுந்திருக்கவே கூடாது, மனசை அலட்டிக்கொள்ளக் கூடாது. மனசை அலட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று மட்டும் அவர் சொல்லித் தரவில்லை. அந்த வேலையை அம்மா என் தலையில் கட்டினாள். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் வீட்டில் சும்மா இருந்தவள் நான்தானே!

அக்காவுக்கு மனசு அடங்குவது புத்தகத்தில்தான். பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். வாங்கி வருகிற வாரப் பத்திரிகையெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதனால் இன்டர்நெட்டில் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் பழைய தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பாகம் பாகமாகப் போட்டு வைத்திருந்தார். ஒரு கதையின் முதல் பாகம் ஒழுங்காக இறங்கியது. பெருங்களத்தூர் பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். கதாநாயகி வீட்டை விட்டுக் கிளம்புகிற இடத்தில் அந்தப் பாகம் முடிந்திருந்தது. இரண்டாம் பாகம்தான் இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

அப்போதெல்லாம் போன் வயர் வழியாகத்தான் நெட். போனில் பேசினால் நெட் கிடையாது, நெட் ஓடினால் போன் கிடையாது. வீட்டில் ஒரே லைன். துபாயிலிருந்து மச்சான் வெள்ளிக்கிழமைதோறும் அக்காவைக் கூப்பிடுவார் என்பதால், போனை மட்டும் அவள் கட்டில் பக்கத்துக்கு மாற்றியிருந்தோம். மற்ற நாட்களில் மத்தியானத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுதான் என் நேரம். கனெக்ஷன் போட்டதும் மோடம் கீச்சென்று கத்தி, கரகரத்து, ஒரு வழியாக அடங்கும். "இன்னாடி, பொட்டி இப்படி ஊளை உடுது?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்பாள். அப்புறம் திரையில் அந்த நீலப் பட்டை ஊரத் தொடங்கும். உலை வைத்து, சோறு வடித்து, குழம்பும் தாளித்துவிடலாம், அவ்வளவு வேகம்.

அரைவாசி வரும், சில நாள் முக்கால்வாசி வரும். அப்புறம் பட்டென்று கட் ஆகிவிடும். வந்தவரைக்கும் இருப்பதைத் திறந்து பார்த்தால், ஃபைல் பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று கையை விரிக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறக்குகிற ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். அந்த சைட் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்தே ஆரம்பித்தது. வயரை மாற்றினேன். மோடமைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே இருந்த போன் டப்பாவைத் திறந்து எறும்பை விரட்டினேன். கடைசியில் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து புதிதாக ஏற்றினேன். ம்ஹூம், ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

நான் சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டால் உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"இன்னைக்குப் போடலையாடி?"

அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு மனசு தாங்காது. பாவம், கதைக்காக எப்படி ஏங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கனெக்ஷன் போடுவேன். கதாநாயகி என்ன ஆனாள் என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் பட்டை முக்கால்வாசியைத் தாண்டிவிட்டது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தேன். அடுப்படிக்கு அக்கா அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா ஒருபக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். காதில் ரிசீவர் இருந்தது. ஒரு கை வயிற்றின்மேல். கண்ணை மூடியிருந்தாள், வாய் பேசவில்லை. மச்சான் பேசுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த நொடிதான் உறைத்தது. நெட் ஓடும்போது எந்த மச்சான் பேசமுடியும்?

"அடிப்பாவி! நீதானா?"

அக்கா கண்ணைத் திறக்காமலே, சும்மா இரு என்று கையைக் காட்டினாள். எனக்கு வந்ததே கோபம்!

"நான் பைத்தியக்காரி மாதிரி வயரப் புடுங்கிப் புடுங்கி மாட்டிக்கினு இருக்கேன். நீ நோவாம படுத்துக்கினு கட் பண்றியா? உனக்காகத்தானேடி இவ்ளோ பேஜார் படறேன்?" என்று கத்தினேன். கோபத்தில் அக்காவையே 'டி' போட்டுப் பேசிவிட்டேன்.

அதற்குள் லைன் அறுந்திருக்க வேண்டும். அக்கா கண்ணைத் திறந்தாள். "போச்சு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிப்போயிற்று.

"திட்டாதடி. அவரு கூப்புடுறாரோன்னு ஒரு நாள் தெரியாம எடுத்தேன். உள்ள ஒரே இரைச்சல். இந்தத் தடவை மொத ஸ்கேன்ல கேட்டுச்சே, புள்ளையோட துடிப்பு, அது மாதிரியே இருந்துச்சு. அதான்…"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அசைவு தெரிய இன்னும் நாளாவும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த ஸ்கேனுக்கும் நாள் கீது. அதுவரைக்கும் உள்ள இன்னா நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும், சொல்லு? போன தடவையும் நான் நல்லாத்தான் இருந்தேன். சாப்ட்டேன், தூங்குனேன். அது நின்னுபோனது தெரியாம என்ன பேர் வைக்கலாம்னு யோசிச்சிக்கினு இருந்தேன்டி."

"நீ எடுத்தா இது கட் ஆயிடுமேக்கா. அப்ப பயமா இல்லையா?"

"பயந்தான். ஆனா நீ திட்டிக்கினே மறுபடி போடுவல்ல? மறுபடி வந்துடும். அது நின்னுட்டுத் திரும்ப வருது பாரு, அதுக்காகவே எடுப்பேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் எதிரில் அழக்கூடாது என்று ஹாலுக்கு ஓடினேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டு, கனெக்ஷன் போட்டேன். கதையைத் தேடவில்லை, எதையும் இறக்கவில்லை. மோடம் கத்தி அடங்கியதும் திரும்பிப் போய் அக்கா பக்கத்தில் படுத்தேன். இரண்டு பேர் காதுக்கும் நடுவில் ரிசீவரை வைத்தாள். 

நானும் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரே சீரான இரைச்சல். துடிப்பு ஏதாவது கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக் கேட்டேன். எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

"கேக்குதா?" என்றாள் அக்கா.

"கேக்குதுக்கா."

அவள் உடம்பு தளர்ந்ததை உணர முடிந்தது. கூரையில் ஏரி வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. எங்கோ ரயில் போகிற சத்தம், காற்றில் ஈர மண் வாசனை. எப்போது லைன் அறுந்தது, எப்போது நாங்கள் தூங்கிப்போனோம் என்று தெரியாது. "ரிசீவரை இப்படிப் போட்டு வெச்சா உங்க மச்சான் எப்படிடி கூப்புடுவாரு?" என்று அம்மா வந்து சத்தம் போட்டபோதுதான் எழுந்தோம். அன்றிலிருந்து எல்லா மத்தியானமும் அப்படித்தான். அவள் கேட்பதற்கு முன்பே நான் போட்டுவிடுவேன். அறுந்தால் மறுபடி போடுவேன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். அக்காவோ, திட்டாமல் போட்டால் நன்றாகவே இல்லை என்றாள்!

ஸ்கேன் நாளும் வந்தது. பொங்கல் நேரம். ஊருக்குப் போகிற கூட்டம் பெருங்களத்தூரில் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வாடகைக் காரில் பின்சீட்டு முழுக்க அக்காவைச் சாய்த்துப் படுக்கவைத்து, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். முன்சீட்டிலிருந்து அம்மா ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யா அல்லாஹ்" என்றாள்.

ஸ்கேன் அறையில் டாக்டரம்மா என்னையும் நிற்கவிட்டார். வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார். மெஷினிலிருந்து இரைச்சல் வந்தது. எங்கள் போனில் வருகிற அதே இரைச்சல். அதைத் தவிர வேறெதுவும் இல்லை. டாக்டரம்மா கருவியைக் கொஞ்சம் கீழே இறக்கினார், பக்கவாட்டில் சாய்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அக்காவின் நகம் என் மணிக்கட்டில் இறங்கியது. கேட்குது என்று அத்தனை நாளாகச் சொன்ன என் வாயை அப்போது அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

திடீரென்று இரைச்சலுக்குள்ளிருந்து அது வந்தது. தடக் தடக் தடக் தடக் என்று அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு அவசரம்.

"தோ, நல்லா இருக்கு குழந்தை" என்றார் டாக்டரம்மா.

அக்கா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். கண்ணீர் காதோரமாக வழிந்து விரிப்பை நனைத்தது. "இது அது மாதிரி இல்லவே இல்லடி" என்றாள். "இவ்ளோ வேகமா? நான் மறந்தே போயிட்டேன்டி. இது எப்படி இருக்கும்னே மறந்துட்டு, இன்னாத்தையோ கேட்டுக்கினு இருந்திருக்கேன்." சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். நான் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

வெளியே வராந்தா நிறையக் கூட்டம். நர்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டாயிற்று. டாக்டரம்மா கருவியை எடுக்கப் போனார்.

"டாக்டர், இன்னும் கொஞ்சம்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கையை எடுக்காமல், மெஷினில் ஒரு குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.