இரண்டில் ஒன்று மட்டும்

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அவருக்கு விண்டோஸ். தையல்காரியான மனைவிக்கு லினக்ஸ். இரண்டு இயங்குதளங்களும் வீட்டிலிருந்த ஒரே லேப்டாப்பில். அது மக்கர் செய்யவே, டிஸ்க்கைக் கழற்றிப் புது லேப்டாப்பில் மாட்டினார். விண்டோஸ் மட்டுமே திறந்தது.

“என் டிசைனெல்லாம் எங்கங்க?”

“உள்ளதான் இருக்கும். அப்புறம் பாக்கறேன்.”

தன் வேலை தடையில்லாமல் ஓடியதால், அந்த ‘அப்புறம்’ வாரக்கணக்கில் இழுத்தது. அவள் நச்சரிக்கவில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, நினைவிலிருந்து மறுபடி வரைந்தாள்.

தட்டு வைக்க இடமில்லாத அன்றுதான் அவர் உட்கார்ந்து பார்த்தார். புது லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் பூட் அமைப்பில் இருந்த ஒரு பாதுகாப்புத் தடைதான் லினக்ஸை மறித்திருந்தது. அதை எடுத்ததும் விண்டோஸ், லினக்ஸ் என இரண்டு பெயர்களும் திரையில் வந்தன.

“இவ்வளவுதானா?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அவர் கூனிக் குறுகிப்போனார். மேசையிலிருந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

“விடுங்க. அதையும் கலைச்சிடாதீங்க.”