“இன்னா ஆச்சு?”ன்னு கேட்ட வெப்சைட்

வெப்சைட் வேலை ஒரு மாதிரியான வேலைங்க: ஒழுங்கா ஓடினா நம்ம பேரு யாருக்கும் தெரியாது, நின்னுபோச்சுன்னா நம்ம செல் நம்பர் ஊருக்கே தெரியும். ஹெல்ப்லைன் போனை எடுத்து “சொல்லுங்க, சொல்லுங்க”ன்னு சொல்லியே தொண்டை கட்டிப்போன சகோதர சகோதரிகளே, இதையெல்லாம் உங்ககிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறேன்?

கள்ளக்குறிச்சியில ஒரு சின்ன கம்பெனி. நெல் அறுக்குற வண்டி, டிராக்டர், பவர் டில்லர் எல்லாம் வாடகைக்கு விடுறோம். அதுக்கு வெப்சைட் கட்டினது நான். அதுல மாட்டிக்கினவங்க போனை எடுக்குறதும் நானேதான். சைட்டுக்குள்ள நிறைய பேர் வந்தாங்க, ஆனா பதிவு பண்ணி முடிச்சவங்க ரொம்ப கம்மி. முதலாளி ஒரு நாள் கூப்பிட்டாரு. “இந்த அறுப்புக்குள்ள ஆள் சேரலன்னா சைட்ட மூடிடலாம். நீ சென்னையில வேற வேலை பாத்துக்கோம்மா”ன்னுட்டாரு. வூட்டுக்காரருக்கு இங்கதான் வேலை, பொண்ணு இப்பதான் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கா. அவங்கள விட்டுட்டு நான் மட்டும் சென்னை ஹாஸ்டல்ல உக்காந்துகினு இன்னா பண்றது?

கடவுளோட சொல்

பதிவு பண்ணும்போது ‘கடவுச்சொல்’ ஒண்ணு குடுக்கணும். பாஸ்வேர்டுதான். சுத்தத் தமிழ்ல இருக்கட்டும்னு நான்தான் அப்படிப் போட்டு வெச்சேன். ஒருநாள் எலிசபெத் அம்மான்னு ஒருத்தங்க போன் பண்ணாங்க. சின்னசேலம் பக்கத்துல அவங்களுக்கு நிலம். எல்லாம் முடிச்சிட்டேன் பாப்பான்னாங்க. என்ன சந்தோஷம் எனக்கு! கடவுச்சொல் போடுறதுல கஷ்டமில்லையான்னு கேட்டேன்.

அவங்க அதைக் ‘கடவுள் சொல்’னு படிச்சிருக்காங்க. பைபிள்லருந்து ஒரு வசனத்தை முழுசா அடிச்சிருக்காங்க. எண்ணும் குறியும் கட்டாயம்னு சைட் மறுத்திருக்கு, அந்தம்மா விடல. இந்தக் காலத்துல பாஸ்வேர்ட எவன் வேணும்னாலும் உடைக்கலாம், இந்தம்மாவோடத உடைக்க முடியாது. “அதிகாரம், நடுவுல புள்ளி, வசனம்னு நம்பரோட போட்டேன், உடனே ஏத்துக்கினுது. நல்லா வேதம் படிச்ச கம்பெனிதான் பாப்பா உங்களுது!”

மனுஷனா, ரோபோவா?

கரியாலூர்லருந்து ஒருத்தர் பவர் டில்லர் கேட்டு பதிவு பண்ணப் பாத்திருக்காரு. மலையில அவர் வூட்டாண்ட டவர் எடுக்காது. ரோட்டு வளைவுல இருக்குற பாறை மேல ஏறினாத்தான் எடுக்கும். பாவம், ஏறி நின்னுகினு எல்லாத்தையும் அடிச்சு முடிச்சாரு. கடைசியில நம்ம சைட், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு உள்ள படங்களைத் தொடவும்’னு கேட்டிருக்கு. அங்கருந்தே எனக்கு போன் போட்டாரு. சிக்னல்னா ரோட்டுல செவப்பும் பச்சையுமா எரியுமே, அதுங்கன்னு நான் விளக்கினேன். மனுஷனுக்கு வந்துச்சே கோவம்! “இன்னாம்மா வெளயாடுறியா? இங்க செல்லுக்கே சிக்னல் இல்ல, ரோட்டுக்கு எங்கருந்து வரும்?”

சம்பந்தி ஊர்ல சாப்பாடு

அறுப்பு வண்டி டிரைவர் ஒரு மத்தியானம் கூப்பிட்டாரு. “மேடம், எலவனாசூர்கோட்டைக்கு வந்துட்டேன். வண்டி கேட்டவரு பேரச் சொன்னதும் ஒரு வூட்ல சோறு போட்டாங்க, ரசமும் ஊத்திட்டாங்க. நெல்லுதான் இல்ல.”

வண்டி கேட்டவருக்கு அடிச்சேன். அவரு நைனார்பாளையத்துல, முத்தின கதிரையும் மேல கருக்கற வானத்தையும் மாறி மாறிப் பாத்துக்கினு நின்னுகினு இருக்காரு. நான் போட்ட ஊர்ப் பட்டியல்ல நைனார்பாளையம் விட்டுப்போச்சு. அடக் கடவுளே! நல்லவேளை, வண்டியத் திருப்பி அனுப்பி, மழைக்கு முன்னாடி அறுத்துட்டோம். ஆனா ஏங்க எலவனாசூர்கோட்டைன்னு போட்டீங்கன்னு கேட்டேன். “எங்க ஊரு லிஸ்டுல இல்லிங்க. சரி, சம்பந்தி ஊரையாவது போடுவோம், அவங்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்னு போட்டேங்க.”

பாவமன்னிப்புப் பெட்டி

“எங்களுக்கு எழுதியிருக்கலாமேங்க, கீழதான் பொத்தான் இருக்கே”ன்னு அவரையே கேட்டேன். பாத்தாராம். அதுல ‘பிழையைத் தெரிவிக்கவும்’னு இருந்துச்சாம். “நாங்க ஒரு பிழையும் பண்ணலியே, அத ஏன் தொடணும்?”னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சைட்டோட பிழையச் சொல்லுங்கன்னு நான் கேட்டா, ஜனங்க அவங்க பிழையக் கேக்குறோம்னு நெனச்சிருக்காங்க! அந்தப் பெட்டிக்கு அதுவரைக்கும் வந்திருந்த ஒரே கடுதாசியத் திறந்து மறுபடி படிச்சேன். “ஐயா, என் கொல்லைக்குன்னு டிராக்டர வாங்கி மச்சான் கொல்லையையும் ஓட்டிக்கினேன். பிழைதான். மன்னிச்சிடுங்க.”

இன்னா ஆச்சு?

அன்னிக்கே பொத்தானை மாத்தினேன். பெருசா ‘இன்னா ஆச்சு?’ அவ்வளவுதான். முதலாளி பதறிப்போனாரு. கம்பெனி மானம் போயிடும், இலக்கணமா எதுனா எழுதுன்னாரு. மூடப்போற சைட்டுக்கு இன்னா மானம்னு நான் வாய விட்டுட்டேன். மனுஷன் சிரிச்சிட்டாரு, தப்பிச்சேன்.

மறுநாள் காலையில பெட்டி ரொம்பி வழியுது. முக்காவாசி ஒரே சங்கதி. அதுல ஒருத்தர் சண்டைக்கே வந்துட்டாரு: “எங்கப்பா பேரு கணேசன். இனிஷியல் ‘க’ போட்டா ‘மிகச் சிறியது’ன்னு வருது. எங்கப்பாவ சின்ன ஆளுன்னு சொல்ல நீங்க யாருய்யா?”

அங்கதான் பூனைக்குட்டி வெளிய வந்துச்சு. இனிஷியல் ரெண்டு எழுத்தாவது இருக்கணும்னு சைட்ல ஒரு விதி உக்காந்துகினு இருந்திருக்கு. சோதிச்சுப் பாத்ததெல்லாம் என் பேர்ல. என் இனிஷியல் ‘ஜே’. கம்ப்யூட்டர் கொம்பைத் தனியா எண்ணி, அத ரெண்டு எழுத்துன்னு ஏத்துக்கும். ‘க’வும் ‘ச’வும் ‘ப’வும் அதுக்கு ஒத்த எழுத்து. ஊர்ல பாதி அப்பாக்கள வாசல்லயே நிக்க வெச்சுட்டேன்! விதிய எடுத்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள பதிவு மேல பதிவு. எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு.

முதலாளிகிட்ட ஓடிப்போய் சொன்னேன். சைட்ட மூடலம்மா, நீ எங்கயும் போக வேணாம்னாரு. அப்புறம் அசட்டுச் சிரிப்பு ஒண்ணு சிரிச்சாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது, இவரு இனிஷியல் ‘ப’ ஆச்சே! “நான் பதிவு பண்ணிப் பாத்தப்பவே எனக்கும் அப்டித்தாம்மா வந்துச்சு. முதலாளியே போயி பிழைன்னு எழுதிக் குடுத்தா நல்லாவா இருக்கும்னு கம்முனு இருந்துட்டேன்.”

ஆக சக தொழிலாளிகளே, கோளாறைச் சரிபண்றது அரை நாள் வேலைதான், அது யாரு தப்புன்னு கேக்குற மாதிரி இல்லாம “இன்னா ஆச்சு?”ன்னு கேக்கக் கத்துக்கறதுதான் நம்ம மொத்தத் தொழிலும்.