பூட்டு பூட்டியிருக்கக் கதவு திறந்தது

என் அப்பாவைக் கைது செய்த செய்தி வந்தபோது நான் சைகோன் சட்டக் கல்லூரியில், குற்றவியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரிச் சேவகர் வாசலில் வந்து என் பெயரைச் சொன்னார். வெளியே அம்மா நின்றிருந்தாள். முக்காடு சரிந்து தோளில் கிடந்தது. காலில் செருப்பில்லை. அதற்கு முன் அவள் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை.

மாதாவின் பிள்ளைகளே, அன்றைக்கு எங்கள் வீட்டில் விழுந்த இடியையும், ஆண்டவர் எங்களை அதிலிருந்து தூக்கிவிட்ட விதத்தையும் உங்கள் முன்னால் சொல்லத்தான் நிற்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

நாங்கள் காரைக்கால்காரர்கள். அப்பா சவரிமுத்து பிரெஞ்சு சர்க்காரில் சிறைக் காவலர். நகரத்துச் சிறைகளில் ஒன்றில் என் பிறப்புக்கு முந்தியே சேர்ந்தவர். எனக்குக் கோர்ட்டில் உத்தியோகம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. என் ஆசையும் அதுதான். குற்றத்தை எப்படி விசாரிப்பது, எதைச் சாட்சியமாக எடுப்பது, எதைத் தள்ளுவது என்று நான் படித்துவந்ததை ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவருக்குச் சொல்வேன். பாதி புரியாது. ஆனாலும் சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

நடந்தது இதுதான். அப்பா காவலிருந்த அறை வரிசையில் ஒரு கைதி தப்பிப் போய்விட்டான். காலையில் பார்த்தால் அறைக் கதவு திறந்து கிடந்தது. ஆனால் தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டு பூட்டியபடியே இருந்தது. உடைக்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சாவி அப்பாவின் இடுப்பில். அப்பாதான் கதவைத் திறந்து கைதியை வெளியே விட்டார், பிறகு தன்மேல் சந்தேகம் வராதிருக்கப் பூட்டை மறுபடி பூட்டி வைத்தார் என்று தலைமைக் காவலர் அறிக்கை எழுதிவிட்டார். அவர் கோர்சிகாத் தீவுக்காரர். அப்பாவோடு வெகுகாலம் வேலை பார்த்தவர். இருந்தும் அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தான் காவல் காத்த சிறையிலேயே அப்பாவை அடைத்தார்கள். அது போதாதென்று, குற்றவாளியின் மகனுக்குக் கோர்ட்டில் இடம் கிடைக்காது என்று கல்லூரியில் என் காதுபடவே பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனால் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்த குடும்பங்கள்கூட அம்மாவைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டன.

அப்பாவைப் பார்க்க அனுமதி கிடைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. அவரை நான் சவரம் செய்யாமல் பார்த்ததே கிடையாது.

"நா தெறக்கல தம்பி," என்றார். "பூட்ட இழுத்துப் பாத்துட்டுத்தான் அந்தண்ட போனேன். மாதா மேல ஆணையா."

நான் நம்பினேன். ஆனால் மகன் நம்புவது சாட்சியம் ஆகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்த படிப்பு எனக்கு அன்று அதை மட்டுமே சொல்லிக்கொடுத்தது.

சர்க்கார் எங்களுக்கு நியமித்த வக்கீல் ஒரு பிரெஞ்சுக்காரர். கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் தண்டனை குறையும், அதைத் தவிர வழியில்லை என்றார். வீட்டுக்கு வந்து புத்தகங்களைக் கட்டி அலமாரி மேல் தூக்கி வைத்தேன். துறைமுகத்தில் கணக்குப் பிள்ளை வேலைக்குப் போகிறேன் என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது, குரல் மட்டும் நடுங்கவில்லை.

"உங்கப்பாவுக்கு ஒதவாத படிப்பு வேற யாருக்குடா ஒதவப் போவுது? கோயிலுக்குப் போ. மாதாகிட்ட கேளு. கேட்டுட்டு நாளைக்கு பள்ளிக்கூடம் போ."

போனேன். கோடை வெயில் கல்தரையில் கொதித்த மத்தியானம். கோயிலில் ஆள் இல்லை. ஆரோக்கிய மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். ஜெபமாலையை எடுத்தேன், வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. கடைசியில் இவ்வளவுதான் கேட்டேன்: "தாயே, எங்க அப்பாவை விட்டுவிடச் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையைக் காட்டு. அதை எங்கே தேடவேண்டும் என்று மட்டும் காட்டு." எழுந்தபோது நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியிருந்தது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் என்ன தெரியுமா? குற்றம் நடந்த இடத்துக்கு நீதிபதி தாமே நேரில் போய்ப் பார்க்கும் முறை. குற்றம் சாட்டப்பட்டவரும் அதைக் கேட்கலாம் என்று பேராசிரியர் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதுவரை எங்கள் வழக்கில் எல்லாரும் அறிக்கையைத்தான் படித்திருந்தார்கள். அந்தக் கதவை யாருமே சோதித்துப் பார்க்கவில்லை.

அங்கிருந்து நேரே வக்கீலிடம் ஓடினேன். அந்தக் கதவை நீதிபதி நேரில் பார்க்கவேண்டும் என்றேன். மனுவை நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். என் படிப்பில் நான் எழுதிய முதல் மனு என் அப்பாவுக்காக எழுதியது. நீதிபதி அனுமதித்தார்.

சோதனை நாளில் வக்கீலின் உதவியாளாக நானும் உள்ளே போனேன். அப்பாவை விலங்கோடு கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். தலைமைக் காவலர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பூட்டினார். வெளியிலிருந்து இழுத்துக் காட்டினார். கதவு அசையவில்லை. பார்த்தீர்களா என்பதுபோல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி புறப்படத் திரும்பினார்.

கைதி வெளியே நிற்கவில்லையே, உள்ளேயல்லவா இருந்தான் என்று எனக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். உள்ளே யார் போவது என்று நீதிபதி கேட்டார். நான் போகிறேன் என்றேன்.

என்னை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். இருட்டு, மூத்திர வாடை. கதவைத் தள்ளினேன். ஒன்றுமில்லை. தோளால் இடித்தேன். ஒன்றுமில்லை. வெளியே தலைமைக் காவலர் சிரிப்பது கேட்டது. அப்படியே கதவடியில் முழந்தாளிட்டேன். "தாயே, இங்கேதான் கொண்டுவந்து விட்டாய், இனி நீதான்," என்றேன்.

முழந்தாளில் இருந்ததால்தான் அது என் கையில் பட்டது. கதவின் குறுக்குச் சட்டம். அதன் அடியில் தோளைக் கொடுத்து, நிமிர்ந்து எழுந்தேன். மழையில் துருப்பிடித்துத் தேய்ந்த கீல்களில் கதவு என்னோடு சேர்ந்து மேலே எழும்பியது. சுவரில் தாழ்ப்பாள் நுழைந்திருந்த கல்துளை மேல்பக்கம் உடைந்திருந்தது போலிருக்கிறது. தாழ்ப்பாள் அதிலிருந்து வழுக்கி வெளியே வந்தது. கதவு திறந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. பூட்டு பூட்டியபடியே என் வயிற்றுக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

நீதிபதி குனிந்து அந்தக் கல்துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அப்பாவின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அப்பா கையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்து, என் சட்டையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டார்.

"என்னால ஒன் பாடம் கெட்டுப்போச்சா தம்பி?" என்றார்.

அதற்குத்தான் நான் ஓவென்று அழுதேன்.

வழக்கு தள்ளுபடியானது. அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. தலைமைக் காவலர் வீட்டுக்கே வந்து தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அடுத்த ஞாயிறு அப்பா சீருடையை மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு பூசைக்கு வந்தார். எங்கள் பெஞ்சில் இடம் போதவில்லை.

நான் பரீட்சை எழுதினேன். வகுப்பில் முதலாவதாகத் தேறினேன். இன்று சைகோன் கோர்ட்டில் விசாரணைப் பிரிவில் உத்தியோகத்தில் இருக்கிறேன். அன்றையிலிருந்து என் கைக்கு வருகிற எந்த வழக்கிலும், கோழி திருடியவனாக இருந்தாலும், இடத்தைப் போய்ப் பார்க்காமல் நான் ஒரு வரி எழுதுவதில்லை. போவதற்கு முன் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லாமலும் இருப்பதில்லை. அதனால் வீடு திரும்பியவர்கள் உண்டு. இந்த மண்ணின் அன்னமியர் உண்டு, சீனர் உண்டு, நம்மவரும் உண்டு. அவர்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மாதாவுக்குத் தோத்திரம் சொல்கிறேன்.

இந்தக் கூட்டத்திலும் யாராவது வீட்டில் ஒருவர் சிறையில் இருக்கலாம். ஊர் பேசும் என்று வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். வெட்கப்படாதீர்கள். நம்முடைய தாய் அந்த அறைக்குள்ளேயும் வருவாள், நான் கண்டவன். பூசை முடிந்ததும் சுரூபத்துக்கு முன்னால் நான் இருப்பேன். வாருங்கள். சேர்ந்து முழந்தாளிடுவோம். நாளைக்குக் காலையில் குற்றம் நடந்ததாகச் சொல்லும் அந்த இடத்துக்கும் சேர்ந்தே போவோம்.