பெருநாளுக்கு முதல் நாள் வந்த பலகாரம்

என் மாமா பௌதிகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு கல்முனைக்கு வந்திறங்கிய நாளிலிருந்து, கண்டவர்களெல்லாம் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். இதைப் படித்து என்ன உத்தியோகம்? டொக்டர் என்றால் ஊசி போடுவார், எஞ்சினியர் என்றால் பாலம் கட்டுவார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம், காலநிலைக் கந்தோரில் சேரலாம் என்பார். மழை வரும் என்று சொல்வதற்கு ஒரு கெம்பஸ் படிப்பு எதற்கு, தவளை போதாதா என்று வாப்பா பகிடி பண்ணுவார். மாமா உம்மாவின் ஒரே தம்பி. அவரைச் சீண்டாவிட்டால் வாப்பாவுக்குச் சோறு செரிக்காது.

மாமாவுக்கு உள்ளே வேறு ஆசை இருந்தது. வெளிநாட்டுக்குப் போய் வான்பௌதிகம் படிக்க வேண்டும். சூரியன் எதை எரித்து இத்தனை காலமாக எரிகிறது, எரிந்து முடிந்த பிறகு என்னவாகும் என்பதையெல்லாம் அவர் எட்டு வயதுக்காரியான எனக்குத்தான் சொல்வார். வேறு யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். நானும் அவர் வாங்கித் தரும் தோடம்பழ இனிப்புக்காகத்தான் கேட்டேன். அந்தப் படிப்புக்கான புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்திருந்தார். கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதே மாதத்தில் அவருக்குக் கலியாணமும் பேசி முடிந்திருந்தது. பெண், எங்கள் பள்ளிவாசல் மரைக்காரின் ஒரே மகள். பிறை பார்ப்பதிலிருந்து பிணக்குத் தீர்ப்பதுவரை ஊர்க்காரியங்களை முன்னின்று நடத்துபவர் அந்த மரைக்கார். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்துப் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். மரைக்கார் தன் வளவுக்குள்ளேயே மகளுக்கு வீடு கட்டிச் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார். மாமா அந்தப் பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அதற்கே அந்த வீட்டுப் பக்கமாகச் சைக்கிளில் போய் வர ஏதாவது ஒரு காரணம் அவருக்கு எப்போதும் கிடைத்தது.

பேச்சு முடிந்து வருகிற முதல் நோன்புப் பெருநாளன்று பெண் வீட்டிலிருந்து பலகாரம் வரும். மாப்பிள்ளை புதுச் சாரம் உடுத்து வீட்டில் நின்று அதைக் கையால் வாங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். முன்பொரு மாப்பிள்ளை அன்றைக்குப் பார்த்துத் தொலைந்த மாட்டைத் தேடிப் போய்விட்டாராம். மாடு கிடைத்தது, பெண் கிடைக்கவில்லை.

நேர்முகப் பரீட்சையோ கலண்டரில் பெருநாள் என்று போட்டிருந்த தினத்துக்கு மறுநாள் காலையில். கலண்டர்படி பெருநாள் வந்தால் பகலில் பலகாரத்தை வாங்கிக்கொண்டு அந்திக்குக் கொழும்பு பஸ் ஏறலாம். இருபத்தொன்பதாம் நோன்பன்று பிறை தெரியாமல் நோன்பு முப்பதாகிவிட்டால், பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போய், அதுவும் நேர்முகமும் ஒரே நாளில் வந்துவிடும். பெண்ணா படிப்பா என்று ஒன்றைத்தான் பிடிக்கலாம்.

இருபத்தொன்பதாம் நோன்பன்று அந்திக்கு ஊரே மேற்கே வயல் வரம்புக்குத் திரண்டது. கடல் எங்களுக்குக் கிழக்கே. பிறைக்கு வயலைத்தான் நம்ப வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புதுச்சட்டை தைத்து வந்திருந்தது; பிறை தெரிந்தே ஆக வேண்டும். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்து எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாலிபன் தான் கண்டதாகச் சொன்னான். தென்னை உயரத்தில் மின்னிவிட்டு மறைந்ததாம். சனம் பெருநாள் தக்பீர் சொல்ல வாயெடுத்தது. மரைக்கார் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். பிறகு மாமாவைத் தேடித் திரும்பினார்.

"நீ இதுகளப் படிச்ச ஆள். என்ன மகன் செல்லுறாய்?"

மாமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். ஊர் பெருநாள் எடுத்திருக்கும், அவருக்குப் பெண்ணும் கிடைத்திருக்கும், பஸ்ஸும் கிடைத்திருக்கும்.

"இண்டைக்குப் பிறை சூரியனோட சேந்தாப்போலயே கீழ போயிரும். தென்னை உசரத்தில நிக்க ஏலாது" என்றார் மாமா.

அந்த வாலிபன் தலையைச் சொறிந்து, மேகமாகவும் இருக்கலாம் என்றான். வேறு யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. நோன்பு முப்பது என்று முடிவாகிற்று. திரும்பும் வழியெல்லாம் மாமாவைப் பார்த்து, பிறையைத் தின்ற பட்டதாரி என்று பொடியன்கள் நையாண்டி பண்ணினார்கள். நான் அவருடைய கையை உதறிவிட்டு உம்மாவிடம் ஓடினேன்.

அடுத்த நாள் எங்கள் வீடு சாவு விழுந்த மையத்து வீடு மாதிரிக் கிடந்தது. வாப்பா ஒரு பகிடியும் விடவில்லை. "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரிக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று உம்மா மட்டும் காலையிலிருந்து அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய் எந்த முகத்தோடு அந்தப் படிப்பைப் படிப்பது என்று மாமா ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு, கொழும்புக்கென்று ஸ்திரி போட்டு வைத்திருந்த சேட்டை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அசர் தொழுகைக்குப் பிறகு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மரைக்கார் வந்திருந்தார். பின் கரியரில் வெள்ளைச் சீலையால் பொதிந்த பெரிய ஓலைப்பெட்டி. பலகாரம் பெண்டுகள் கொண்டுவர வேண்டியது. அதுவும் பெருநாளன்று வர வேண்டியது. மனிசன் நாளைப் பிழையாக எண்ணிவிட்டார் என்று நினைத்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். உம்மா என்னை முறைத்தார்.

"பெருநாளைக்குத்தான் பலகாரம் வரணும் எண்டு எந்தக் கிதாபுல கிடக்கு?" என்றார் மரைக்கார். "இத வாங்கிட்டுப் பஸ்ஸுக்குப் போ மகன். தனக்கு நட்டம் எண்டு தெரிஞ்சும் உள்ளதச் செல்லுற ஒருத்தனுக்கு என்ட புள்ளயக் குடுக்க எனக்கு மனம் பொருந்திட்டு."

மாமா இரண்டு கையாலும் பெட்டியை வாங்கினார். சேட்டு மறுபடி அலுமாரியிலிருந்து வெளியே வந்தது. வழியில் நோன்பு திறக்க அந்தப் பலகாரத்தில் கொஞ்சத்தை உம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாப்பா அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கல்முனை பஸ் நிலையத்துக்குப் பறந்தார். போகும்போதே தவளை, மழை என்று ஏதோ தொடங்கிவிட்டார். தெருமுனைவரை சிரிப்புச் சத்தம் கேட்டது.

மாமாவுக்கு அந்தப் படிப்புக் கிடைத்தது. இடையில் வந்து நிக்காஹ் முடித்து, மாமியையும் கூட்டிக்கொண்டு போனார். நட்சத்திரங்களைப் படித்து முடித்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் உத்தியோகம். புற்றுநோய்க்காரருக்கு எவ்வளவு கதிர் பாய்ச்சலாம் என்று கணக்குப் பார்க்கிற வேலை. பௌதிகம் படித்தால் அப்படியும் போகலாம் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். மரைக்கார் கட்டிய வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்ததெல்லாம் சில விடுமுறைகள்தான். பெண்ணைக் கொடுத்தும் தன்னோடேயே வைத்திருக்கிற எங்கள் ஊரில், மகளை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு இருந்த முதல் தகப்பன் அவர்தான்.

அன்றைக்குச் சைக்கிள் தெருமுனையில் மறைந்த பிறகும் மரைக்கார் எங்கள் வாசலிலேயே நின்றார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் கண் ஈரமாக இருந்தது. நான் கிட்டப் போய், தண்ணி விடாய்க்குதா என்று கேட்டேன்.

"ஓம் மகள். கடைசி நோன்பு கொஞ்சம் கடுமதான்" என்றார்.

நானும் அப்படித்தான் என்று நினைத்தேன்.