ஆட்சேபணைதாரர் ஆஜர்

கடற்கரையோரத்து ஒரு சார்பதிவாளர் அலுவலகம். எது என்று சொல்லப் போவதில்லை. பதிவுத் துறையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு சொந்தக்காரர்கள் என்னைத் தேடுவது இரண்டு காரியங்களுக்குத்தான்: வில்லங்கம் பார்க்க, சாட்சிக் கையெழுத்துப் போட. அன்றைக்குச் சாட்சிக் கையெழுத்து.

சிக்கல் என்ற ஊரில் இருக்கும் என் அக்காளின் மகனுக்குக் கல்யாணம். குவைத்தில் எலக்ட்ரீசியன். பெண்ணுக்கு ஊர் தங்கச்சிமடம், கத்தோலிக்கக் குடும்பம், மருந்துக் கடையில் வேலை. அவளுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் அடித்ததில் இடது காது போய்விட்டது. நீதிமன்றம் விவாகரத்து கொடுத்து, அப்பீலுக்கான காலமும் கடந்திருந்தது. இவன் இந்து, அவள் கிறிஸ்தவள், ஆகவே சிறப்புத் திருமணச் சட்டம். அறிவிப்பைப் பலகையில் ஒட்டி, சட்டம் சொல்லும் முப்பது நாள் காத்திருந்தார்கள். அவனுக்கு லீவு அந்த வாரத்தோடு முடிகிறது. சான்றிதழ் கையில் இருந்தால்தான் அவளை அங்கே அழைத்துக்கொள்ள வழி பிறக்கும். இல்லையென்றால் அடுத்த லீவு வரை அவள் அண்ணன் வீட்டில் கிடக்க வேண்டும். மதினியின் வாய்க்குத் தீனியாக.

அந்தச் சார்பதிவாளர் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டிருந்தேன். எங்கள் துறையில் அப்படி ஒருவரைப் பார்ப்பது மீன் வலையில் தேங்காய் மாட்டுவது போல. நாங்கள் போனதும் எழுந்து நின்று எனக்கு நாற்காலி போடச் சொன்னார். பிறகு சொன்னார்.

"சார், நேத்து முப்பதாவது நாள் சாயங்காலம் ஒரு ஆட்சேபணை வந்திருக்கு. கல்யாணத்தை இப்ப நடத்த ஏலாது."

"யாரு குடுத்தது?"

"நான்தான் சார்."

எனக்குக் காது அடைத்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார்.

வேலை நேரம் முடியுமுன், வெளியே வந்து, மற்ற ஜனங்களைப் போல ஜன்னல் முன்னால் நின்று, தன் கீழ் வேலை பார்க்கும் எழுத்தரிடமே மனுவைக் கொடுத்து, ஒப்புகை வாங்கியிருக்கிறார். பிறகு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, அதே மனுவை, அந்தச் சட்டப்படி கல்யாணம் நடத்தி வைக்கும் திருமண அலுவலராகப் பெற்றுக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த அதிகாரிகள் ஜாதி பார்த்திருக்கிறார்கள், சகுனம் பார்த்திருக்கிறார்கள், ராகு காலத்தில் பேனாவைத் தொடாமல் இருந்திருக்கிறார்கள். எல்லாரும் கோப்பைக் காணோம் என்பார்கள், நெட்வொர்க் இல்லை என்பார்கள். தன் நம்பிக்கையை இப்படி முறைப்படி மனு எழுதி, தனக்கே கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்த ஆளும் ஆட்சேபிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. திருமண அலுவலர் நீங்கலாக என்று எழுத வேண்டியிருக்கும் எனச் சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

"காரணம்?"

"முதல் புருஷன் உயிரோட இருக்கார்."

"கோர்ட்டு பிரிச்சு விட்டிருக்கே!"

"கோர்ட்டு பிரிச்சிருக்கு சார். ஆண்டவர் பிரிக்கலை." அவர் குரலில் வீம்பே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "இந்தத் தங்கச்சியோட முதல் கல்யாணப் பூசையில பாட்டுப் பாடினவன் நான். ரெண்டு பேரும் சொன்ன வார்த்தையை நேர்ல கேட்டேன். இப்ப அதெல்லாம் நடக்கவே இல்லன்னு எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

அக்காள் மகன் பல்லைக் கடித்தான். "மாமா, இவருக்குக் காசு ஏதும் வேணுமோ?"

"ஏலே, சும்மா இரு. காசு கேக்கிற ஆளா இருந்தா இந்நேரம் மாலை மாத்தி, சாப்பிட்டே முடிச்சிருப்போம்."

தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். மேலதிகாரிக்கு அறிவுரை கேட்டு எழுதியிருப்பதாகச் சொன்னார். அந்த அறிவுரைகள் எந்த வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். நானே அவற்றை வருடக்கணக்கில் மெதுவாக அனுப்பியவன். ஒரு நாள் லீவு போடுங்கள், பொறுப்பில் இருக்கும் உதவியாளர் நடத்தி வைக்கட்டும் என்று காதோடு சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு உடம்பு சரியாத்தானே சார் இருக்கு?"

"தற்செயல் விடுப்புக்கு உடம்பு எதுக்குங்க?"

"இந்தக் கல்யாணத்தை விட்டு ஒதுங்கிப் போறதுக்கு லீவுன்னா, அதுவும் பொய்தான்."

கடைசியில் என்னிடம் மிஞ்சியது சட்டப் புத்தகம். ஆட்சேபணை வந்தால் விசாரிக்க வேண்டியவர் திருமண அலுவலர், வேறு யாருமில்லை. இரு தரப்பும் இங்கேயே இருக்கிறது. அப்படியானால் இப்போதே விசாரியுங்கள் என்றேன். அவர் யோசித்தார். தலையாட்டினார். அலுவலக உதவியாளரைக் கூப்பிட்டு ஆட்சேபணைதாரரை அழைக்கச் சொன்னார்.

"சாரை நானே எப்பிடி சார் கத்திக் கூப்பிடுறது?" என்று அந்த மனுஷன் என்னிடம் அழாக்குறையாகக் கேட்டார்.

"பேரு வேணாம். ஆட்சேபணைதாரர்னு கூப்பிடுங்க."

வராந்தாவில் நின்று கூப்பிட்டார். சார்பதிவாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, "ஆஜர்" என்று சொல்லி நின்றார். எதிரே காலி நாற்காலி. பத்திரம் பதிய வந்திருந்த கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"நீ அவரைக் கேள்வி கேக்கலாம்மா," என்றேன் பெண்ணிடம். "சட்டப்படி உனக்கு உரிமை இருக்கு."

அவள் கல்யாணப் புடவையைச் சரிசெய்துகொண்டு, கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணே, அன்னைக்கு நான் சொன்னதைக் கேட்டீகள்ல?"

"கேட்டேன்."

"அவன் சொன்னதையும் கேட்டீகளா? உடம்புக்கு நல்லாயிருந்தாலும் இல்லாட்டியும் மரியாதையா வச்சுக்கிருவேன்னு?"

"கேட்டேன்."

"எனக்கும் கேட்டுச்சுண்ணே. அப்ப ரெண்டு காதும் கேட்டுச்சு. அவன் அதைக் காப்பாத்துனானா?"

"இல்லை."

"நீங்க எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான குடியிருந்தீக. அந்தச் சத்தம் உங்களுக்கு வந்துச்சா?"

அவர் தரையைப் பார்த்தார். "வந்துச்சு," என்றார்.

"அதுக்கு எங்கண்ணே ஆட்சேபணை எழுதிக் குடுத்தீக?"

நான் அந்த அறையில் இருந்த சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷர்களைப் பார்க்க முடியவில்லை. அவர் மேசையைச் சுற்றிப் போய் உட்கார்ந்தார். விசாரணை நாளைக்குத் தொடரும் என்று சொன்னார்.

மறுநாளும் போனோம். அவள் அதே புடவையில் வந்திருந்தாள். அவன் விமான டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அலுவலக உதவியாளர் வராந்தாவில் நின்று கூப்பிட்டார். "ஆட்சேபணைதாரர்!"

சார்பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

இரண்டாம் தரம். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

மூன்றாம் தரம். சார்பதிவாளர் பேனாவை எடுத்து, எழுதிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்: "ஆட்சேபணைதாரர் மும்முறை அழைத்தும் ஆஜராகவில்லை. நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்பு மேல்முறையீடு ஏதுமின்றி இறுதியாகியுள்ளது. ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது."

பிறகு கல்யாணம். ஒருவரையொருவர் சட்டப்படி ஏற்றுக்கொள்வதாக இருவரும் சொன்னார்கள். ஒரு காது கேட்காதவர்கள் பேசுவது போல அவள் சத்தமாகச் சொன்னாள். வராந்தா வரை கேட்டது. அவர் தலையை நிமிர்த்தி அதை முழுவதும் கேட்டார். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை.

சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர்கள் காரில் ஏறினார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று வராந்தாவில் நின்றேன். சார்பதிவாளர் பின்னாலேயே வந்தார்.

"சார், ஆஜராகலைன்னு எழுதினேனே. அது சரியா?"

"விதிப்படி சரிதாங்க. கூப்பிட்டப்ப மேசைக்கு இந்தப் பக்கம் யாரும் வந்து நிக்கலையே."

"விதி கிடக்கட்டும் சார்."

லீவு எடுப்பதைக்கூடப் பொய் என்றவர். முந்தின நாளிலிருந்து அதிர்ந்து அதிர்ந்து, எனக்கு இனி அதிர ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். மிச்சம் இருந்திருக்கிறது. பஸ் வந்துவிட்டது என்று சொல்லிப் படியிறங்கினேன்.

ரோட்டில் பஸ் எதுவும் இல்லை. அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.