கையெழுத்துப் போட்ட வெற்றுத் தாள்கள்

எலூபேக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள். ஏரிக்கரைச் சுகாதார நிலையத்தின் ஒரே நர்ஸ் தாவினா, இங்கிலாந்து வேலைக்கான பரீட்சை எழுத முதல் நாளே தலைநகர் லிலோங்வேக்கு பஸ் ஏறியிருந்தாள்.

"நாளைக்கு ராத்திரி வந்துடுவேன்க்கா. நீங்க பார்க்காத பிரசவமா?" என்று சொல்லி, நான்கு வெற்றுப் பிரசவப் பதிவுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எலூபே நர்ஸ் இல்லை, ஆயா. கூட்டவும் துவைக்கவும் சேர்த்தவள். ஆனாலும் பதினாறு வருஷமாக ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில்தான் பிறந்தன. நர்ஸ்கள் வருவார்கள், கை பழகியதும் போய்விடுவார்கள். இருவர் பட்டணத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்கு, மூவர் தொண்டு நிறுவனத்துக்கு, ஒருத்தி இங்கிலாந்துக்கு. போகட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் ஆளில்லாத நாளுக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடும் இந்தப் பழக்கம் மட்டும் போகாமல் தங்கிவிட்டது. இன்னொரு நர்ஸ் கேட்டு ஊரார் நடந்தபோதெல்லாம் மாவட்ட அலுவலகம் அந்தத் தாள்களைத்தான் எடுத்துப் போட்டது. எல்லாப் பிரசவத்தையும் நர்ஸே பார்க்கிறாளே, பிறகென்ன குறை என்றது. வயிறு எரியாதா?

பத்து மணிக்கு லொவீனெஸ் வலியோடு வந்தாள். கூட வந்த மாமியார் கக்கத்தில், பிரசவத்துக்கு வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டிய கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பும் புது பிளேடும். குழந்தை சுலபமாகப் பிறந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை.

"சிஸ்டர் எங்கடி?" மாமியார் அலறினாள்.

"ஊர்ல இல்ல."

"அப்ப என் மருமக கதி?"

ரத்தத்தை நிறுத்தும் ஊசியை நர்ஸ்கள் போட எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள் எலூபே. போட்டதில்லை, போடவும் கூடாது. அலமாரியைத் திறந்து எடுத்துப் போட்டாள். அடிவயிற்றை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரத்தில் ரத்தம் கட்டுக்குள் வந்தது.

மதியம் தாவினா போன் செய்தாள். "அக்கா, பிரமாதமா எழுதிட்டேன்! அங்க ஒண்ணும் இல்லையே?"

எலூபே நடந்ததைச் சொன்னாள்.

"அய்யய்யோ, ஊசியா! நான் போட்டதாவே எழுதிடுங்கக்கா. இல்லன்னா உங்க வேலையும் போச்சு, என் பயணமும் போச்சு."

"இன்னொருத்திக்கு ரத்தம் நிக்காமலே போனா, அதையும் நீ பார்த்ததாவே எழுதட்டுமா?"

எலூபே போனை வைத்தாள்.

ஒரு தாளை எடுத்து, அதில் இருந்த தாவினாவின் கையெழுத்தைக் குறுக்கே அடித்தாள். 'பிரசவம் பார்த்தது, ஊசி போட்டது: எலூபே, ஆயா. நர்ஸ் இல்லை' என்று எழுதினாள். மற்ற மூன்று தாள்களையும் கிழித்தாள். வீட்டில் மூன்று பிள்ளைகள்; இந்தச் சம்பளம்தான் சோறு.

நாலு மணிக்குத் தாள் வாங்க வந்த அலுவலக மோட்டார்சைக்கிள்காரன் படித்துவிட்டுச் சிரித்தான். "என்னக்கா, ஆயான்னு போட்டிருக்கீங்க? மாத்தி எழுதித் தாங்க."

"பதினாறு வருஷமா மாத்தித்தான்டா எழுதினோம். கொண்டு போய்க் குடு."