பல்லில் கடித்த தாலிக்கயிறு

கணவர் என்னை விட்டுப்போன அன்று, காந்திபுரத்தில் ஓவியம் வரைந்துகொண்டிருந்த தோழியின் வீட்டுக்கு ஓடி, தாலிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதேன். அவளோ எதிரே உட்கார்ந்து என்னை வரைந்துகொண்டிருந்தாள். சண்டை போட்டேன். மறுநாள், "அதைக் கிழிச்சுப்போட்டேன் கண்ணு" என்றாள். நம்பினேன், முட்டாள்.

எட்டு வருஷம் கழித்து, போன மாசம், கோவையில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். செப்புச் சிலைகள், கண்ணாடி ஓவியங்கள் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசி அறைக்குள் நுழைந்தால், சுவர் நிறைய நான். பல்லில் அதே தாலிக்கயிறு, கண்ணில் அதே நீர். கீழே அவள் பெயரும், 'நிரந்தரச் சேகரிப்பு' என்ற அட்டையும்.

என்னையறியாமல் அந்தக் கண்ணைத் துடைக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க அம்மணி, பாக்க மட்டுந்தானுங்க" என்றார் காவலாளி.

அன்றைக்கு அவளும் பார்க்க மட்டும்தான் செய்தாள். ஒரு கை நீட்டி என் கண்ணைத் துடைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.